நாங்களே எழுதிய தீர்ப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று வட்டத்தின் கூட்டம். முழுப்பெயர் முற்போக்குச் சட்ட மாணவர் வட்டம். மொத்தம் ஏழு பேர். சுவரொட்டியில் என்ன எழுதுவது என்று இரண்டு மணி நாற்பது நிமிடம் பேசி முடிவெடுத்தோம்: ‘விளக்கம் கேட்காமல் வேலையை விட்டு நீக்காதே.’ ஐந்து சொற்கள். சொல்லுக்கு முப்பத்திரண்டு நிமிடம்.

‘நீக்காதே’ மரியாதைக் குறைவாக இருக்கிறது, ‘நீக்காதீர்கள்’ என்று மாற்ற வேண்டும் என்று எழுந்தான் திருத்தம். யார் எதைச் சொன்னாலும் திருத்தம் கொண்டுவருவான், அதனால் அதுவே அவன் பெயர். மைலார்ட் விடுவாளா? “முதலாளிக்கு என்னடா மரியாதை, மைலார்ட்?” என்றாள். அவள் எல்லாரையும் அப்படித்தான் அழைப்பாள். கேன்டீனில் போய், “ரெண்டு டீ, மைலார்ட்” என்பாள். வாக்கெடுப்பில் நான்குக்கு மூன்று. ‘நீக்காதே’ ஜெயித்தது.

நான் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவதும் முத்திரையை வைத்திருப்பதும் விதிப் புத்தகத்தைக் காப்பதும் என் வேலை. விதிகள் நாற்பத்தொன்று. பாதிக்கு மேல் நான் எழுதியவை. பெருமைதான், மறைப்பானேன்.

பிப்ரவரி 4, புதன்

நூலக வாசலை ஒட்டிய வெள்ளைச் சுவரில் பன்னிரண்டு சுவரொட்டிகள் ஒட்டினோம். வந்தது மூன்று பேர்தான். போட்டோவில் ஐந்து பேராவது இருந்தால்தான் அது வட்டத்தின் நிகழ்ச்சி என்று விதி. மற்றவர்களுக்கு வகுப்புத் தேர்வு. ஆகவே போட்டோ நாளை மாலைக்குத் தள்ளிப் போயிற்று.

மற்ற இருவரும் கையில் ஒட்டிய பசையைக் கழுவப் போயிருந்தபோது நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா வாளியோடு வந்து நின்றார்.

“நாளைக்குக் காலைல இதெல்லாம் எடுத்துடணும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு பாப்பா. யாரோ பெரிய ஆளுங்க பார்வையிட வர்றாங்களாம்.”

“அக்கா, அக்கா, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மட்டும் விட்டு வைங்க. ஒரு போட்டோ எடுத்துட்டு நாங்களே கிழிச்சுடறோம்.”

சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “கண்டிப்பா எடுத்துடுவீங்கல்ல?”

“சத்தியமாக்கா.”

பிப்ரவரி 5, வியாழன்

போட்டோ எடுத்தோம். மைலார்ட் கண்ணை மூடிவிட்டாள், மறுபடி எடுத்தோம். கிழிக்க வேண்டும் என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பார்வையிட வந்த குழு நேற்றுக் காலை பதினொரு மணிக்கே வந்துவிட்டதாம். முதலில் கண்ணில் பட்டது நம் சுவர். குழுவில் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டையும் வரிசையாக, சத்தமாகப் படித்திருக்கிறார். பன்னிரண்டிலும் ஒரே வாசகம். பக்கத்தில் துணைப்பதிவாளர் கைகட்டி நின்றிருக்கிறார். அக்காவின் கடிதத்தில் இருப்பது இது: மேற்பார்வையாளரின் உத்தரவை வேண்டுமென்றே மீறிய குற்றச்சாட்டு. விசாரணை இருபத்தாறாம் தேதி. அதுவரை பணியும் இல்லை, சம்பளமும் இல்லை.

இன்று சூப்பர்வைசர் தானே வந்து நகத்தால் சுரண்டியிருக்கிறார். பாதிதான் வந்தது. சுவர் முழுக்க ‘நீக்காதே, நீக்காதே’ என்று மிச்சம் நிற்கிறது.

ஐயோ. நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

பிப்ரவரி 7, சனி

அவசரக் கூட்டம். முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அதற்குள் திருத்தம் எழுந்துவிட்டான். “அந்த அக்கா ஏன் கிழிக்கல? யோசிச்சுப் பாருங்க. நம்ம வாசகத்தைப் படிச்சிருக்காங்க. அவங்க கை ஓடல. தோழர்களே, இது உழைக்கும் வர்க்கத்தின் மௌன எதிர்ப்பு!”

எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு நான் எழுந்து, “இல்லப்பா, போட்டோவுக்காக நான்தான் விட்டு வைக்கச் சொன்னேன்” என்று எப்படிச் சொல்வது?

அது மட்டும் காரணமில்லை. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். பணியாளரை உத்தரவு மீறத் தூண்டும் மாணவருக்கு ஒரு வருட நீக்கம் என்று கல்லூரி ஒழுங்கு விதியில் இருக்கிறது. எனக்கு இது கடைசி வருடம். இன்னும் மூன்று மாதம். பயந்துவிட்டேன்.

குறிப்பேட்டில் ‘மௌன எதிர்ப்பு’ என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

அக்கா வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார், வண்டி பத்து நாளாகப் பட்டறையில் நிற்கிறது. மகள் பத்தாம் வகுப்பு. கடை ஆட்கள் டயரைத் தட்டத் தட்ட, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாள்.

“அக்கா, நான் சொல்லித்தான் விட்டீங்கன்னு…”

“யார்கிட்டயும் மூச்சு விடல. நீ பயப்படாத. உன் படிப்பு கெட்டுடும்.”

அப்பாடா என்று இருந்தது. பேருந்தில் உட்கார்ந்த பிறகு அந்த அப்பாடாவை நினைத்து அசிங்கமாக இருந்தது. இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தேன்.

பிப்ரவரி 11, புதன்

வட்டத்தின் தீர்மானம்: அக்காவுக்கு விசாரணை பழக்கமில்லை, பதறிவிடுவார். ஆகவே நாமே ஒரு பயிற்சி விசாரணை நடத்தி அவரைத் தயார் செய்வோம். நல்ல யோசனை, என்னுடையது.

எந்தப் பக்கம் யார் வாதாடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். விதி. நிர்வாகத்தின் தரப்பு மைலார்டுக்கு விழுந்தது. மாநில அளவில் வாதப் போட்டியில் ஜெயித்தவள். அக்காவின் தரப்பு திருத்தத்துக்கு விழுந்தது.

சீட்டை மறுபடி குலுக்கலாமா என்று ஒருவன் மெல்லக் கேட்டான். நடுநிலை தவறுகிறான் என்று அவனுக்குக் கண்டனம் நிறைவேறியது.

பிப்ரவரி 13, வெள்ளி

எதிலிருந்து தொடங்குவது?

அக்கா சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல் உடுத்தி, தலையை அழுந்தச் சீவி வந்திருந்தார். மூன்று பேர் நீதிபதிகள். ஒருவன் சூப்பர்வைசராக நடித்தான். நான் குமாஸ்தா.

திருத்தத்துக்கு வாதாட இருபது நிமிடம். எழுந்ததும் தன் மனுவின் முதல் பத்தியில் ஒரு திருத்தம் வேண்டும் என்றான். அனுமதித்தார்கள். அந்தத் திருத்தத்தில் ஒரு திருத்தம் என்றான். பதினெட்டாவது நிமிடத்திலும் அவன் முதல் பத்தியை விட்டு இறங்கவேயில்லை.

அப்புறம் மைலார்ட் எழுந்தாள். குரலே மாறிவிட்டது.

“எடுக்கச் சொன்னது ஞாபகம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“கை வலியா? காய்ச்சலா?”

“இல்ல.”

“எடுக்க வேணாம்னு வேற யாராவது சொன்னாங்களா?”

பேனா என் விரலில் நின்றுபோயிற்று. அக்கா என் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காகவே ஜன்னலைப் பார்த்தார். “இல்ல. நானாத்தான் விட்டேன்.”

அந்த இடத்தில் நான் எழுந்திருக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது குமாஸ்தா வாய் திறக்கக் கூடாது என்று விதி இருக்கிறதல்லவா, அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன். குனிந்து எழுதினேன்: ‘நானாகத்தான் விட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.’

தீர்ப்பு இரண்டுக்கு ஒன்று. குற்றம் நிரூபணம்.

பழக்க தோஷம், எல்லாரும் மைலார்டுக்குக் கைதட்டினார்கள். என்ன தீர்ப்பு என்று புரியாமல் அக்காவும் தட்டினார். தட்டிவிட்டு, “அப்ப எனக்கு வேலை கிடைச்சுடுமா?” என்று கேட்டார். மைலார்ட்தான், “இது சும்மா பயிற்சிதான்க்கா” என்று வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 14, சனி

ஒரு நாளுக்குள் நடவடிக்கைகளை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வெளிப்படைத்தன்மை. ஒட்டினேன். நான்கு பக்கம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

துணைப்பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு உதவியாளர் வந்தார். பலகையில் இருப்பதற்கு ஒரு நகல் வேண்டுமாம். யார் கேட்டாலும் நகல் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தேன். ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை கேட்டார். நான்கு பக்கத்திலும் குத்தி, கலையாமல் இருக்கட்டும் என்று பின்னும் அடித்துக் கொடுத்தேன்.

பரவாயில்லை, நிர்வாகமும் நம்மைப் படிக்க ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 18, புதன்

அக்கா போன் செய்தார். இன்னொரு கடிதம் வந்திருக்கிறதாம், மகள் படித்துக் காட்டினாள். ‘தங்களுக்கு ஆதரவான மாணவர் அமைப்பே நடத்திய விசாரணையில் தங்கள் மீதான குற்றம் நிரூபணமாகியுள்ளது. தாங்களும் அதை ஒப்புக்கொண்டுள்ளீர்கள். உண்மை நகல் இணைக்கப்பட்டுள்ளது.’

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வைத்ததில் முத்திரையும் இருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

கூட்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தீர்ப்பை ரத்து செய் என்றால் எந்த விதியின் கீழ் என்ற கேள்வி வந்தது. மேல்முறையீடு என்றால், நம் விதிகளில் மேல்முறையீடே இல்லை. சேர்க்கலாமென்றால், விதியைத் திருத்த இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டும். விசாரணைக்கு இருப்பதோ ஏழு நாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திருத்தம் தேவைப்படுகிறது, திருத்தத்தால் கொண்டுவர முடியவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

எல்லாரும் மைலார்டைப் பார்த்தார்கள். “என்னை ஏன்டா முறைக்கறீங்க? அந்தத் தீர்ப்புல ஒரு சட்டப்பிழை காட்டுங்க பார்ப்போம்!” என்று மேஜையைத் தட்டினாள். தட்டிவிட்டு அழுதாள். ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிரச்சினை.

பிப்ரவரி 21, சனி

கூட்டக் குறிப்பை மாற்றி எழுதிப் பார்த்தேன். அதே பேனா, அதே தாள். ‘மூன்றுக்குப் பூஜ்யம், குற்றமற்றவர்.’ பிறகு கிழித்துப் போட்டேன். நேர்மையால் கிழித்தேன் என்று எழுத ஆசைதான். நகல் அவர்கள் கையில் இருப்பதால் கிழித்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அம்மாவுக்கு விடுமுறை. ஆயத்த ஆடை ஆலையில் லைன் சூப்பர்வைசர். நாற்பது தையல் மெஷின்கள் அவள் பொறுப்பு. தம்பியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கோ நடந்ததுபோல் அக்கா விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன்.

“நானே மாசத்துக்கு ரெண்டு பேருக்கு மெமோ எழுதறேன். நானாத்தான் செஞ்சேன்னு ஒருத்தி சொல்லிட்டா அதுக்கு மேல எனக்கு என்ன வேலை? கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டே இருப்பேன்.”

“யாரோ சொல்லித்தான் செஞ்சான்னா?”

“அந்த யாரோ வந்து நிக்கணும். வரலேன்னா இவ தலையிலதான் விடியும்.” நூலைப் பல்லால் கடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “ஏன்டி, அந்த யாரோ நீயா?”

“சேச்சே” என்றேன். பொத்தானை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நம்பவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஆறு பேர் முன்னால், நின்றுகொண்டு.

திருத்தம்தான் முதலில் கேட்டான். “அப்ப… மௌன எதிர்ப்பு?”

“இல்லடா. போட்டோ.”

பாவம், முகம் சுருங்கிவிட்டது. அவன் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதிவிட்டானாம், பதினாறு பக்கம்.

நாளை மறுநாள் நான் போய்ச் சாட்சி சொல்கிறேன் என்றேன். உறுப்பினர் யாரும் வட்டத்தின் அனுமதியில்லாமல் வெளி மன்றத்தில் பேசக் கூடாது, அனுமதிக்கு ஐந்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒருவன் விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தான். எழுதியவள் நான்தான். சரி, ராஜினாமா செய்கிறேன் என்றேன். ராஜினாமாவை ஏற்க ஐந்து பேர் வேண்டும். அதற்குள் மூன்று பேர் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்திருந்தார்கள். ஆக, என்னால் பேசவும் முடியாது, விலகவும் முடியாது. விதிப் புத்தகத்தைத் தூக்கி மேஜையில் எறிந்துவிட்டு வந்தேன்.

படிக்கட்டில் மைலார்ட் பின்னாலேயே ஓடி வந்தாள். “நான் அவங்களக் கேள்வி கேட்டப்ப நீ எதிர்லதானே உட்கார்ந்திருந்த? ஒரு தடவை இருமியிருக்கலாம்லடி.”

இந்த முறை அவள் மைலார்ட் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

துணைப்பதிவாளர் அறை. நீளமான மேஜை, ஒரு பக்கம் அவர், பக்கத்தில் தட்டச்சர், எதிரே சூப்பர்வைசரும் அக்காவும். நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

“நீ யாரும்மா? சாட்சிப் பட்டியல்ல உன் பேர் இல்லையே.”

“நீங்க ஆதாரமா வச்சிருக்கற நகல்ல கையெழுத்துப் போட்டது நான்தான் சார். அதை எழுதினவள விசாரிக்காம அதை ஆதாரமா எடுத்துக்க முடியாது.”

ஐந்து வருடப் படிப்பில் உருப்படியாகப் பயன்பட்ட ஒரே வாக்கியம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “சரி. இதுல இருக்கறதெல்லாம் உண்மைதானே?”

“உண்மைதான் சார். ஆனா சாயங்காலம் வரைக்கும் எடுக்க வேணாம்னு சொன்னது நான். அவங்க அதைச் சொல்லல, நானும் எழுதல.”

“சாயங்காலம் வரைக்கும் அது சுவத்துல இருந்து என்ன ஆகணும்?”

“போட்டோ எடுக்கணும் சார். அஞ்சு பேர் இருந்தாத்தான் நிகழ்ச்சின்னு கணக்கு. மூணு பேர்தான் வந்திருந்தோம்.”

தட்டச்சர் நிறுத்திவிட்டார். இதையும் அடிப்பதா என்பதுபோல் துணைப்பதிவாளரைப் பார்த்தார். அவர் அடிக்கச் சொன்னார்.

அப்போதுதான் அக்கா எழுந்தார். “சார், இந்தப் பொண்ணு பொய் சொல்லுது. எம்மேல இரக்கப்பட்டு சொல்லுது. நானாத்தான் விட்டேன்.”

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. துணைப்பதிவாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “யாரு குற்றவாளின்னு வெளிய போய் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. பத்து நிமிஷம்.”

தாழ்வாரத்தில் சண்டை போட்டோம்.

“உன் படிப்பு போயிடும்டி!”

“போகட்டும்க்கா! உங்க பொண்ணு காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படிக்குது. அவ படிப்பு போனா?”

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். உள்ளே போய், “இந்தப் பொண்ணுதான் சார் சொல்லுச்சு. சத்தியம் பண்ணுச்சு. அப்புறம் மறந்துடுச்சு” என்றார். கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

பிப்ரவரி 27, வெள்ளி

உத்தரவு வரவில்லை. சாப்பிட முடியவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “தெரியும்” என்றாள்.

மார்ச் 4, புதன்

உத்தரவு வந்தது. அக்கா நாளை முதல் வேலைக்கு வரலாம், எச்சரிக்கையோடு. எனக்கு ஒரு வருடம் இல்லை, தானாக வந்து சொன்னதால் குறைத்திருக்கிறார்கள். இந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது. எல்லாரும் பட்டம் வாங்கி ஆறு மாதம் கழித்து நான் வாங்குவேன்.

இன்னொரு கடிதமும் வந்தது, வட்டத்திலிருந்து. என் ராஜினாமா ஏற்கப்படாததால் நான் இன்னும் உறுப்பினர். அனுமதியில்லாமல் வெளி மன்றத்தில் பேசியதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். முத்திரை கோணலாக விழுந்திருக்கிறது. புதுச் செயலாளர் திருத்தமாம். பரவாயில்லை, விளக்கமாவது கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு கடிதத்தையும் அம்மாவிடம் காட்டினேன். தேர்வுக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

எழுதத் தேர்வு இல்லாவிட்டாலும் நூலகத்துக்குத்தான் போகிறேன். வேறு எங்கே போவது? அக்கா திரும்பி வந்து நாலைந்து நாளாயிற்று, என்னோடு பேசவில்லை. இன்று காலை என் மேஜைக்கடியில் துடைக்க வந்தார்.

“கால தூக்கு.”

தூக்கினேன். துடைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“அன்னிக்கு உங்க கூட்டத்துலயே நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இத்தனை நாள் வீட்ல முடங்கிக் கிடந்திருப்பேனா?”

“நீங்களும் சொல்லலையேக்கா.”

“நான் சொல்லாதது உனக்காக. நீ சொல்லாதது?”

“எனக்காக” என்றேன். வேறு என்ன சொல்ல?

ம் என்றார். துணியைப் பிழிந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன். அவர் வாசல் பக்கம் திரும்பிக் கையசைத்தார். கேன்டீனில் பாத்திரம் கழுவும் பெண் ஈரக் கையை உதறிக்கொண்டே வந்தாள். இடுப்பில் நாலாக மடித்த ஒரு கடிதம்.

“இவளுக்கும் வந்திருக்கு. நீதிபதிங்க யாரும் வேணாம், கைதட்டறவங்களும் வேணாம். நீ மட்டும் படிச்சு, என்ன எழுதியிருக்குன்னு சொல்லு.”

படித்தேன். தாமதமாக வந்தாள் என்று குற்றச்சாட்டு. ஏன் தாமதம் என்று கேட்டேன். சொன்னாள். யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அதையும் சொன்னாள், பெயரோடு. பதில் கொடுக்க ஏழு நாள் அவகாசம் போட்டிருக்கிறது. மத்தியானத்துக்குள் எழுதி, அவளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, மூன்று பேருமாகப் போய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம்.